வீட்டில் ஒருத்தர்

திருமுல்லைவாயிலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கீழ்ப்பகுதிக்குப் பூட்டு கிடையாது. தொலைந்துபோய் வாங்காமல் விட்டதல்ல. அந்த வீட்டைக் கட்டிய நாளிலிருந்து யாரும் அதைப் பூட்டிக்கொண்டு வெளியே போனதே இல்லை. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது, அதையும் பாதி நாள் போடமாட்டார்கள். மாடிக்குக் குடிவந்த புதிதில், "அக்கா, பட்டப்பகல்லயே திருட்டுப் போகுதுன்னு சொல்றாங்க. நல்லதா ஒரு பூட்டு வாங்கி வைங்க" என்று நான் பெரிய மனுஷி மாதிரி யோசனை சொன்னேன். வீட்டுக்கார அக்கா மாவு வாளியைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"பூட்டிகினு எங்க மா போவப் போறோம்? ஊட்ல ஒர்த்தர் இருக்கணும்ல."

அந்த வீட்டில் இருந்த வருடங்களில் இந்த வார்த்தையை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. கோயிலுக்கு ரெண்டு பேரும் வாங்க என்றால் இதுதான் பதில். பக்கத்துத் தெருவில் பந்தி போடுகிறார்கள் என்றாலும் இதுதான். அக்கா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. மழை வந்தால் துணி எடுக்கணும் என்பது போலச் சொல்வார்.

உள்ளறையில் அவர்களுடைய ஒரே மகன் படுத்திருந்தான். பிறந்ததிலிருந்தே கைகால் வராது, பேச்சு வராது, கழுத்து நிற்காது. நாங்கள் குடிவந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. வலிப்பு எந்த நேரமும் வரும். வந்தால் ஒருக்களித்துப் பிடிக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் எச்சில் புரையேறிவிடும். அக்கா அவனை நைனா என்றுதான் கூப்பிடுவார். ஆவடி லோக்கல் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போனால் போதும், அவன் வாய் திறந்து சத்தமாகச் சிரிப்பான். மாடியில் இருக்கும் எனக்கே கேட்கும். அலுப்பில் இருக்கிற நாட்களில் அந்தச் சிரிப்பைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். எல்லாரும் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று கெஞ்சுவார்கள், இவர் கேட்டு வாங்கிக்கொண்டவர். இரவில் மகனை அக்கா பார்ப்பார். காலையில் அண்ணனின் சைக்கிள் மணி கேட்டதும் அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு, மாவுப் பாக்கெட்டுகளைக் கூடையில் அடுக்கி, வாசலில் தயாராக நிற்பார். கடைகளுக்கு மாவு போட்டுவிட்டு வருவது அவர் தொழில். அந்த வாசலில் தினமும் ஒரு ஒப்படைப்பு நடக்கும்.

"இப்பத்தான் பொரட்டிப் போட்டேன். கஞ்சி அரை டம்ளர் குட்ச்சான். மாத்திர குட்த்தாச்சு. விடிகாலைல ஒரு வாட்டி இழுத்துது, அப்பால ஒண்ணுமில்ல. தூங்கிகினு கீறான்."

"சரி, போ."

அவ்வளவுதான் பேச்சு. கம்பெனியில் ஷிப்ட் மாறுகிறவர்கள் மெஷினை ஒப்படைப்பது போல என்று அண்ணனே ஒருநாள் சொன்னார். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. சண்டை போடுவதற்கும் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டுமே.

சொந்தக்காரர் கல்யாணம் என்றால் முகூர்த்தத்துக்கு அக்கா, ரிசப்ஷனுக்கு அண்ணன். என் வளைகாப்பு மாடியில்தான் நடந்தது, பதினைந்து படி ஏறினால் வந்துவிடலாம். அதற்கும் அக்கா முதலில் வந்து வளையல் போட்டு, நலங்கு வைத்து, இறங்கிப் போனார். பிறகு அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மேலே வந்து சாப்பிட்டார். தென்காசியிலிருந்து வந்திருந்த என் சித்தி அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்து, "பாவம், அந்த அண்ணாச்சிக்கு வீட்டம்மா இல்லையாட்டீ?" என்று என் காதைக் கடித்தாள். இப்போதுதான் எனக்குச் சந்தனம் தடவிவிட்டுப் போனார்களே, அவர்தான் என்றேன். சித்தி நம்பவில்லை.

சினிமா கதை இன்னும் மோசம். மகன் அக்கா கையால் ஊட்டினால்தான் விழுங்குவான், அதனால் முழுப்படம் உட்கார அவருக்கு நேரம் போதாது. அண்ணனுக்கோ மாலை வேலைக்குப் போகுமுன் கொஞ்ச நேரம்தான் ஓய்வு. அதனால் ஒரே டிக்கெட்டில் இடைவேளை வரை அக்கா பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடி வருவார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு அண்ணன் சைக்கிளை மிதிப்பார். அண்ணனுக்கு எந்தப் படத்தின் ஆரம்பமும் தெரியாது, அக்காவுக்கு எந்தப் படத்தின் முடிவும் தெரியாது. மறுநாள் காலை வாசலில், மகனின் கஞ்சிக் கணக்கோடு படத்தின் மீதிக் கதையும் கைமாறும். "அப்ப அந்தப் பொண்ணு செத்துட்ச்சா? நல்லா பாத்தியா நீ?" என்று அக்கா கூடையோடு நின்று கேட்பார். நான் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு சிரிப்பேன். எனக்கு அவர்கள் மேல் பொறாமைகூட இருந்தது, சொன்னால் என்ன. நானும் என் வீட்டுக்காரரும் முழுப்படம் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தூங்குகிறவர்கள்.

ஒரு மழைக்காலத்தில் மகனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டுக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி, ஒரே ஒரு பாஸ். உலகத்துக்கே அது கஷ்டம், இவர்களுக்குப் பழக்கம். வார்டு வாசலில் நின்று பாஸை மாற்றிக்கொள்வார்கள். நாலைந்து நாள் அப்படி ஓடியது, சாத்திவிட்டுப் போன கீழ்வீட்டை மாடியிலிருந்து நான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் காலை அண்ணன் வேலை முடித்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அக்கா வெளியே வந்து வழக்கம்போல ஒப்படைத்தார். சளி எடுத்தார்கள், பால் இறங்கவில்லை, கண்ணைத் திறந்து பார்த்தான், இப்போது தூங்குகிறான். அண்ணன் ஏதோ கேட்டார், அக்கா பதில் சொன்னார். பாஸை வாங்கிக்கொண்டு அண்ணன் உள்ளே போனபோது மகன் போயிருந்தான்.

இதை அக்கா என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அழாமல் சொன்னார். "எப்பவும் ஒர்த்தர் கூடவே இருந்தோம் மா. அந்த ரெண்டு நிமிசம்தான் ரெண்டு பேரும் வெளிய இருந்தோம்." நான் டாக்டர் சொன்னதை எல்லாம் எடுத்துச் சொன்னேன், உள்ளே இருந்தாலும் நீங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றேன். அக்கா தலையை ஆட்டினார். அவர் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது, நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று.

அடுத்த வருடம் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. அக்காவின் தம்பி பூந்தமல்லியில் டிராவல்ஸ் நடத்துகிறவர், வாயும் வண்டியும் நிற்காத மனிதர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, கடலைச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் திரும்பும் உல்லாசக் கப்பலில் ரெண்டு பேருக்கும் இடம் போட்டுவிட்டு வந்து நின்றார்.

"இன்னா வேணாங்கற? இத்தினி வர்சம் உன்னால முடில, சரி. இப்போ இன்னா? மாமாவக் கூட்டிகினு போ. ரெண்டு பேரும் சேந்து ஒரு வேள சோறு துன்னுட்டு வாங்க. எனக்கு அது போதும்" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். போய்ட்டு வாங்கக்கா என்று நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். நிஜமாகவே ஆசைப்பட்டேன். அந்த மூன்று நாள் கிடைத்தால் ரெண்டு பேரும் மறுபடி புருஷன் பொண்டாட்டியாகத் திரும்பி வருவார்கள் என்று நம்பினேன். இல்லாவிட்டால் இப்படியே வாசலில் மாறிமாறி நின்று தீர்ந்துபோவார்கள் என்பது எனக்குத் தெரிந்தது, தம்பிக்கும் தெரிந்தது.

கிளம்புகிற அன்று தம்பியின் கார் தெருவில் நின்று ஹாரன் அடித்தது. பெட்டி ஏறியாயிற்று. அண்ணன் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு அப்படியே நின்றார். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது, வீட்டுக்குப் பூட்டு இல்லை.

"நல்ல குடும்பம்யா!" என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் ஸ்டேஷன் ரோட்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினார். அந்த இடைவெளியில் அக்கா மறுபடி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். உள்ளறையில் மகனின் கட்டில், காற்று அடைத்த மெத்தை, தலைமாட்டில் எச்சில் துடைக்கும் துண்டு, எல்லாம் அப்படியே இருந்தன. துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். அக்கா ஃபேனைப் போட்டுவிட்டார்.

"ஓடட்டும் மா. அமத்தாத. அப்பப்போ எறங்கி வந்து செத்த ஒக்காந்துட்டுப் போறியா?"

சரி என்றேன்.

அண்ணன் உள்ளங்கை நிறைய ஒரு பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்தார். அக்காவுக்கு அதைப் போடத் தெரியவில்லை, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் என்று நான் காட்டிக் கொடுத்தேன். பூட்டியதும் அண்ணன் இழுத்துப் பார்த்தார். ரெண்டடி போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்தார். ஒரு சாவியை அக்கா என் கையில் வைத்து விரல்களை மூடினார். ரெண்டு பேரும் சேர்ந்து தெருவில் நடப்பதைப் பார்க்க எதிர்வீட்டுக்காரர்கள்கூட வெளியே வந்துவிட்டார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டி, நிறையப் பூ வைத்திருந்தார். பக்கத்தில் பக்கத்தில் நடக்கத் தெரியாமல் அண்ணன் முன்னால் போக, அக்கா இரண்டடி பின்னால் போனார். காரில் ஏறும்போது மட்டும் அண்ணன் கை கொடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த மூன்று நாளும் நான் கீழே இறங்கிப் பூட்டைத் திறந்து உள்ளறையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார், செய்துவிட்டுப் போகட்டும். வெற்றுக் கட்டில் மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆவடி லோக்கல் ஹாரன் அடித்துப் போனது. யாரும் சிரிக்கவில்லை. கப்பலில் இந்நேரம் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து காரிலிருந்து இறங்கியதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "ஒக்காந்தியா மா?"

"உட்கார்ந்தேன்க்கா. கப்பல் எப்படி இருந்துச்சு?"

"இம்மாம் பெருசு மா" என்று ரெண்டு கையையும் விரித்தார். மீதியை மறுநாள் மாவு வாங்கப் போனபோதுதான் சொன்னார்.

"மொத நாளு ரெண்டு பேரும்தான் போனோம். எவ்ளோ பெரிய ஹாலு! ஊரே ஒக்காந்து துன்னலாம். தட்டு எட்த்துகினு எதிர் எதிர்ல ஒக்காந்தோம். எனக்குச் சோறு எறங்கல. ரெண்டு பேரும் இங்க கீறோமே, அங்க யார் கீறாங்கன்னு உள்ள ஒரே பதப்பு. யாரும் இல்லன்னு தெரியும் மா, தெரியாம இல்ல. அவரும் தட்டையே பாத்துகினு கீறாரு. நீ துன்னுட்டு வாய்யா, நான் ரூமுக்குப் போறேன்னேன். இன்னாத்துக்குன்னு ஒரு வார்த்த கேக்கணுமே? சரி, போன்னுட்டாரு."

"ரூம்ல போய் என்னக்கா பண்ணீங்க?"

"ரெண்டு கட்டிலு போட்டு வெச்சிருந்தான். ஒரு கட்டிலாண்ட ஒக்காந்துகினு இருந்தேன். அவரு வந்தாரு, நான் போய்த் துன்னுட்டு வந்தேன்."

அதற்கப்புறம் மூன்று நாளும் அப்படியேதான். காலையில் மேல்தளத்துக்கு அக்கா, மாலையில் அண்ணன். அக்கா கடலில் சூரியன் எழுந்ததைச் சொன்னார். மறைந்தது எப்படி இருந்தது என்று கேட்டால், அத்த அவர்தான் பாத்தாரு, அவராண்ட கேளு என்றார். நீச்சல் குளம் அக்காவுக்குத் தெரியும், பாட்டுக் கச்சேரி அண்ணனுக்குத்தான் தெரியும். தம்பிக்குக் காட்டவேண்டுமே என்று செல்போனில் படம் எடுத்திருந்தார்கள். ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரே கடலுக்கு முன்னால், பகலில் அக்கா, விளக்கு வெளிச்சத்தில் அண்ணன். யாரோ முன்பின் தெரியாதவர்கள் எடுத்துக் கொடுத்த படங்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.

கல்யாண நாளன்று மாலை ஹாலில் மைக் பிடித்து இவர்கள் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் மட்டும் மேடையேறினாராம். அதை அவரே வாசல்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

"மேடம் எங்கன்னான். ரூம்ல கீறாங்க, வர முடியாதுன்னேன். ஒடம்பு சரியில்லன்னு நெனச்சுகினான் போல. எல்லாரும் கைதட்டுனாங்க. நான் கேக்க வெட்டி, ஒரு துண்டு பேப்பர்ல மடிச்சுகினு கீழ போனேன். அவ செருப்பப் போட்டுகினு கதவாண்ட நிக்கிறா. நீ வந்துட்டியா, இப்பத்தான் ஏசியக் கொறச்சேன், கதவ நல்லா சாத்திக்கன்னுட்டு அவ வெளிய போய்ட்டா. கேக்க அப்புறம்தான் துன்னா."

அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் மேல் கோபம், அக்கா மேல் கோபம், ஒரு வார்த்தை தடுத்துச் சொல்ல ஆளில்லாத அந்தக் கப்பல் மேலும் கோபம். "நீங்களாவது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதாண்ணே?" என்று கத்திவிட்டேன். அண்ணன் தலைகுனிந்து சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"இழுக்கலாம் மா. ரெண்டு பேரும் மேல நின்னுகினு இருக்கும்போது எனக்கே கால் நிக்கல. அவள எப்டி இழுக்கறது?"

கம்பெனியில் அவரைப் பகல் ஷிப்ட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். காலையில் சைக்கிள் மணி கேட்கும், அக்கா கூடையோடு வாசலில் நிற்பார், பாத்திரம் கழுவியாச்சு, பால் காய்ச்சியாச்சு, ஃபேன் ஓடுது என்று ஒப்படைப்பார். தம்பி சில மாதம் வந்து திட்டிப் பார்த்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார். நான் மாடிக் கைப்பிடிக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு நாங்கள் சென்னீர்குப்பத்தில் சொந்தமாக ஒரு ஃப்ளாட் வாங்கினோம். கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு பேரும் கட்டாயம் சேர்ந்து வரவேண்டும் என்று நேரில் போய்ச் சொன்னேன். சொன்னது போதாதென்று, காலையில் என் வீட்டுக்காரரையே காரோடு அனுப்பினேன். கார் வந்தது. அக்கா மட்டும் இறங்கினார். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. பால் காய்ச்சும்போது என் பக்கத்தில் நின்றார், என் மகளைக் கொஞ்சினார், ரெண்டு இட்லி சாப்பிட்டார், அதற்குள் வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போகும்போது பேப்பரில் சுற்றிய கனமான ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்து, "அப்பால பிரி" என்றார்.

சாயங்காலம் அண்ணன் பஸ் பிடித்து வந்தார். இலையில் உட்கார்ந்தவரிடம் நான் விடவில்லை.

"வீட்ல இப்ப யாருண்ணே இருக்காங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன கேள்வி இது என்பது போலத்தான் பார்த்தார்.

"அவ கீறா மா."

சாப்பிட்டதும் கை கழுவிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார். வந்தவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, மறுநாள்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே அந்தப் பித்தளைப் பூட்டு இருந்தது. கீறல்கூட விழவில்லை. கப்பலுக்குப் போகும்போது என்னிடம் கொடுத்த சாவியையும் இன்னொன்றையும் சேர்த்துப் பூக்கட்டும் நூலால் கட்டியிருந்தார். உடனே போன் போட்டு, ஏன்க்கா இப்படி என்றேன்.

"புச்சுதான் மா, அந்த மூணு நாளு பூட்னதோட சரி. நீங்க ரெண்டு பேரும் சேந்து வெளிய போறவங்க, ஒதவும். எங்களுக்கு இன்னாத்துக்கு?"